ஏர்கூலரின் மூச்சு

துர்காவின் மூச்சில் நனைந்த கோணி வாடை அடித்ததை முதலில் கண்டுகொண்டவள் அவள் அம்மா சுபத்ராதான். கண்டுகொண்டும் வாயைத் திறக்காதவளும் அவளேதான். பிள்ளைக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நாளங்களை அடைத்துக்கொள்ளும், வெயிலில் உடம்பு வறண்டால் கைகால் வலி உயிரை எடுக்கும். பீர்க்கன்கரணை ஏரிக்கரை வீட்டில் சித்திரைப் புழுக்கம் தாங்காமல் அது புரண்டு புரண்டு அழுததை எந்தத் தாய்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய ஏர்கூலரை இழுத்து வந்தாள். போன மழையில் ஏரித் தண்ணீர் புகுந்து ஊறிய கூலர். தூக்கிப் போடச் சொல்லிவிட்டுத்தான் புருஷன் ஹேமநாத் வேலைக்கு ஓசூர் போயிருந்தான். உள்ளே காற்றைக் குளிர்விக்கும் புல் தட்டியில் கறுப்பாகப் பூத்திருந்ததை ஈரத்துணியால் துடைத்தாள், வாடை தெரியாமலிருக்க வெட்டிவேரைச் செருகினாள், பிள்ளையின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

துர்கா சுகமாகத் தூங்கினாள். சில நாளில் காய்ச்சலும் இருமலும் பிடித்துக்கொண்டன.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், நிமோனியா மருந்துக்கு இது அடங்கவில்லை, நுரையீரலில் பூஞ்சையாக இருக்கலாம், வீட்டில் எங்காவது பூசணம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். ஓடி வந்திருந்த ஹேமநாத் அவளைத் திரும்பிப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டிவிட்டாள், பாவி. அப்படியானால் டெஸ்ட் ரிசல்ட் வந்த பிறகே மருந்தை மாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாற்றுத்துணி எடுக்க அந்தி நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். தெருவே கரண்ட் இல்லாமல் கிடந்தது. கதவைத் திறந்ததும் வெட்டிவேர் மணமும் அதற்கு அடியில் அந்தக் கோணி வாடையும் மூக்கில் ஏற, இருட்டிய படுக்கையறைக்குள் இருந்து குளிர்ந்த ஈரக்காற்று அவள் கணுக்காலைத் தொட்டது. டார்ச்சை அடித்தாள். கூலரின் பிளக் தரையில் கிடந்தது. விசிறி சுற்றவில்லை.

காற்று வந்தது. நின்றது. உள்ளே இழுத்தது. மறுபடி வந்தது. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மெல்லிய விசில்.

அந்த விசில் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாளே.

போன் அடித்தது. ஹேமநாத்.

"சுபா, பாப்பா முழிச்சிட்டா. உன்னைத்தான் கேக்குறா. அவ காதுல வைக்கிறேன், பேசு."

போனில் மகளின் மூச்சு. அதே இழுப்பு. அதே விசில். அறையிலும், போனிலும், ஒன்றாக.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஏங்க, டாக்டர்கிட்ட ஓடுங்க. பூசணம் இருந்துச்சுங்க. நான்தான் அந்தக் கூலரைப் போட்டேன். பாப்பா மூஞ்சிக்கு நேரா வெச்சேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போன் பிள்ளையின் காதில் இருந்தது.

போனில் விசில் நின்றுபோனது. எங்கோ தூரத்தில் ஹேமநாத் நர்ஸைக் கூப்பிட்டு அலறினான்.

அறையில் விசில் நிற்கவில்லை.

"தெரியும்மா," என்றாள் துர்கா, புல் தட்டிக்குப் பின்னாலிருந்து.

தட்டி மெல்ல உப்பியது. தாழ்ந்தது. மறுபடி உப்பியது.