பத்தொன்பது டிகிரி அறை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எந்தத் தெரு எவ்வளவு கொதிக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் லோகேஸ்வரியின் முனைவர் பட்ட ஆய்வு. பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடு ஒன்றில் தனியாக இருந்த சாந்தமேரி, தன் பின்னறையில் வெப்பமானி பொருத்தச் சம்மதித்திருந்தார். ஒரு வாரம் கழித்து, நண்பகல் வெயிலில், லோகேஸ்வரி அதைப் பார்க்க வந்தாள்.

வெளியே முப்பத்தாறு டிகிரி. சூடேறிய தாரின் வாடை. பின்னறைக் கதவைத் திறந்ததும் ஈரமண் வாசனையோடு குளிர் முகத்தில் அடித்தது.

வெப்பமானியில் பத்தொன்பது.

"ஆன்டி, ஏர்கோன் போட்டிருக்கீங்களா?"

"ஃபேனே ஓடலமா." சாந்தமேரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "தினமும் வந்து என் பக்கத்துல உக்காருது. யாருன்னு தெரியல. என் மகன் கேவின் நம்ப மாட்றான். எனக்கு மூளை கலங்கிடுச்சாம். செமினி பக்கம் முதியோர் ஹோம் பார்த்துட்டான். உன் கேமராவுல சூடு, குளிரு எல்லாம் தெரியும்னு சொன்னியே. பார்த்துச் சொல்லுமா. நீ படிச்ச பொண்ணு, சொன்னா கேப்பான்லா."

லோகேஸ்வரி கேமராவை உயர்த்தினாள். சூடானது அதில் ஆரஞ்சாகத் தெரியும், குளிர்ந்தது நீலமாக. திரையில் சாந்தமேரி ஆரஞ்சாக இருந்தார்.

அவரை ஒட்டி, நீலமாக இன்னொருவர்.

தலை, தோள், மடியில் கோத்த கைகள். கேமராவை இறக்கிப் பார்த்தால் அங்கே வெறும் மெத்தை.

"தெரியுதா?"

இதைச் சொன்னால் பல்கலைக்கழகத்தில் சிரிப்பார்கள். அதைவிட, வாயால் சொல்லவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒன்னுமில்ல ஆன்டி."

சாந்தமேரி தலைகுனிந்தார்.

திரையில் அந்த நீலத் தலை நிமிர்ந்து, மெல்ல லோகேஸ்வரியின் பக்கம் திரும்பியது.

வெப்பமானியைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாள்.

அடுத்த வாரம் கேவின்தான் வந்து வீட்டைத் திறந்துவிட்டான். அம்மாவை ஹோமில் சேர்த்தாகிவிட்டது. பின்னறை முப்பத்து நான்கு டிகிரியில் புழுங்கியது. லோகேஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு காரில் உட்கார்ந்து பதிவுகளைத் திறந்தாள்.

குளிர் நின்றது போன வாரம் அவள் வந்த அன்றைக்குத்தான். பன்னிரண்டு நாற்பதுக்கு.

அவள் வாசலைத் தாண்டிய நிமிடம்.

உடனே கேவினைக் கைபேசியில் அழைத்தாள். "அண்ணே, உங்கம்மா சொன்னது உண்மை. நான்தான் பொய் சொல்லிட்டேன். அவங்களக் கூட்டிட்டு வந்துடுங்க, ப்ளீஸ்."

கேவினின் குரல் உயர்ந்தது.

"நீங்கதான ஒன்னுமில்லன்னு சொன்னீங்க? அம்மாவே அழுதுகிட்டு சொன்னாங்க. அப்புறம்தான் ஹோம்ல சைன் போட்டேன். இப்ப என்ன விளையாட்டு இது?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

இடது மணிக்கட்டு குளிரில் மரத்துக்கொண்டு வந்தது. லோகேஸ்வரி கேமராவை அதன் பக்கம் திருப்பினாள்.

ஆரஞ்சுக் கையைச் சுற்றி ஐந்து நீல விரல்கள்.

தேய்த்தாள். போகவில்லை.

மறுபடியும் தேய்த்தாள்.

விரல்கள் இறுகின.