மூன்று தட்டு

"புடலங்காயைப் பார்த்துக்கூடப் பயமாக்கா?"

"அதை என் வட்டில்ல போடாதே. எடுத்துடு!"

"வெந்து போன புடலங்காய் கடிக்குமா? அதுக்குப் பல்லே கிடையாதே!"

சென்னிமலை கெக்கெக்கே என்று சிரித்தான். ஏழு வயதான அவனுக்கும் முன்பல் இரண்டும் கிடையாது.

அவனுடைய அக்கா ஆத்தாயி சிரிக்கவில்லை. நேற்று முருங்கைக்காயைப் பார்த்து அலறினாள். முந்தாநாள் கொடியில் தொங்கிய தாம்புக்கயிற்றைப் பார்த்து அலறினாள்.

"அவளைச் சீண்டாதே சாமி" என்று அப்பா அந்தப் புடலங்காயைத் தன் வட்டிலுக்கு மாற்றிக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ராகிக் காட்டில் அம்மாவைப் பாம்பு கடித்தது. சங்ககிரி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஆத்தாயி காட்டில் கால் வைக்கவில்லை. அன்றிலிருந்து அப்பா பாடுவதும் இல்லை.

அவர்கள் கிணற்றில் எருதுகள்தான் சால் என்னும் பெரிய தோல் வாளியை இழுத்துத் தண்ணீர் இறைக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா கிணற்று மேட்டில் பாடிக்கொண்டே எருது ஓட்டுவார். தூரத்தில் நிற்கும் அம்மா, அந்தப் பாட்டு கேட்டால் தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொண்டு ஒவ்வொரு பாத்தியாக மடை திறப்பாள்.

இப்போது அப்பா ஒருவரே எருதை நிறுத்திவிட்டு ஓடிப் போய் மடை திறந்து, திரும்பி ஓடி வந்தார். அதற்குள் வாய்க்கால் தண்ணீரை வறண்ட மண் குடித்துவிட்டது. ராகிப் பயிர் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

"இன்னும் நாலு நாள் தாங்கும். அப்புறம் அறுத்து மாட்டுக்குத்தான் போடோணும்" என்றார் அப்பா.

"நாளைக்கு நான் மடை தொறக்கறேனுங்கப்பா!" என்றான் சென்னிமலை.

"மம்பட்டி உன்னைவிட உசரம்டா" என்றாள் ஆத்தாயி.

"தோள்ல வெச்சுக்கிட்டா நான் இன்னும் உசரமாயிருவேன்!"

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆத்தாயி தம்பியின் பாதங்களைப் பார்த்தாள். சின்னஞ்சிறு வெறும் பாதங்கள்.

காலையில் அவன் கையிலிருந்த மண்வெட்டியை அவள் வாங்கிக்கொண்டாள். "நீ மேட்டுல உக்காந்து எத்தனை சால் வருதுன்னு எண்ணு."

"எனக்கு இருபது வரைக்கும்தான் தெரியும்."

"அப்புறம் மறுபடி ஒண்ணுல ஆரம்பி."

வரப்பில் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் மடையைத் திறந்தாள். தண்ணீர் பாத்திக்குள் பரவியது. மண் வெடிப்புகளில் குமிழிகள் வந்தன. சில்வண்டுகள் துள்ளின. ஒரு சுண்டெலி நனைந்தபடி ஓடியது.

அடுத்த வெடிப்பிலிருந்து அது வந்தது. பாம்பு.

ஆத்தாயியின் கால்கள் மண்ணில் நட்டு வைத்தவைபோல் நின்றுவிட்டன.

ஆனால் அது அவளைப் பார்க்கவே இல்லை. எலி ஓடிய பக்கமே, கள்ளி வேலியை நோக்கி, உடம்பெல்லாம் சேறாக, வழுக்கி வழுக்கிப் போனது.

போன ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அம்மா இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு இப்படித்தான் ஓடினாள்.

'அதோட வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்திருச்சு' என்று நினைத்தாள் ஆத்தாயி. 'அதுக்கும் பயம்.'

அப்போதுதான் அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மடையையும் திறக்கும் முன் அம்மா மண்வெட்டிக் காம்பால் தரையில் மூன்று முறை தட்டுவாள்.

"ஏம்மா தட்டறே?"

"அடுத்தவங்க ஊட்டுக்குள்ள போறப்பக் கதவைத் தட்டோணும் சாமி. அவங்க ஒதுங்கிக்குவாங்க."

பாம்பு கடித்த அன்றைக்கு அம்மா தட்டவில்லை. அது ஆத்தாயிக்கு மட்டும்தான் தெரியும். கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் நின்று, "பசிக்குதும்மா, சீக்கிரம் வா!" என்று கூப்பிட்டவள் அவள்தான். அம்மா அவசர அவசரமாகக் கடைசி மடையைத் திறந்தாள்.

ஆத்தாயி ஈர வரப்பில் உட்கார்ந்து அழுதாள். பாம்பு எப்போதோ வேலிக்குள் போய்விட்டிருந்தது. அழுது முடித்ததும் எழுந்து அடுத்த பாத்திக்குப் போனாள்.

தொம். தொம். தொம்.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மடையைத் திறந்தாள்.

பாதிக் காடு நனைந்ததும் கிணற்று மேட்டுக்கு வந்தாள்.

"அப்பா, அன்னைக்கு அம்மா தட்டலைங்க. நான்தான் அவசரப்படுத்துனேன்."

அப்பா எருதுகளை நிறுத்தினார்.

"உங்கம்மா கத்துனது எனக்குக் கேக்கலை சாமி" என்றார். "நான் பாடிக்கிட்டு இருந்தேன்."

ஆத்தாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைச் சேறு அவர் கையிலும் ஒட்டியது.

"பதினேழா, பதினெட்டா? பேசிப் பேசி மறக்க வெச்சுட்டீங்க!" என்று சென்னிமலை முறைத்தான்.

ஆத்தாயி மண்வெட்டியைத் தோளில் வைத்தாள்.

"இன்னும் பத்துப் பாத்தி இருக்குதுங்கப்பா. தண்ணி வருதா இல்லையான்னு அங்கிருந்து தெரிய மாட்டேங்குது. நான் தட்டிட்டுத்தான் தொறப்பேன். நீங்க பாடுங்கப்பா."