துளையில்லாமல் போன கல்

கொழும்பு வெள்ளவத்தையில் பெரியதம்பி காலைத் தேநீரை வாயில் வைக்குமுன் கொட்டாஞ்சேனைப் பொத்தான் வியாபாரி ஸவாஹிர் வந்து நின்றார். தொப்பி கோணிக் கிடந்தது.

“எங்கட ஊட்டுச் சுவர்ல ஈந்த கல்லக் காணல்ல, ஐயா. சுவர்ல ஓட்டையும் இல்ல.”

பெரியதம்பி ஓய்வுபெற்ற நில அளவையாளர். சிக்கல் என்றால் பலரும் அவரிடம்தான் வருவார்கள். அருகில் அமர்ந்திருந்த அவருடைய மைத்துனர் சண்முகலிங்கம் எதிலும் முந்திக்கொள்பவர். ஸவாஹிர் சொல்லச் சொல்ல அவருக்கே தலை சுற்றியது.

அது 1941ஆம் ஆண்டு. ஸவாஹிர் குடியிருக்கும் குறுகிய ஒழுங்கையின் வீடுகளை இடித்துவிட்டுக் கிடங்கு கட்ட அனுமதி கேட்டிருந்தார் ராசிக் முதலாளி. பழைய கட்டடங்களைக் காக்கப் புதுச் சட்டம் வந்திருப்பதைக் கேள்விப்பட்ட ஸவாஹிர், தம் வீட்டு முன்சுவரில் ஒல்லாந்தர் காலத்து ஆண்டு செதுக்கிய கல் இருப்பதாக மனுப் போட்டார். அதைப் பார்க்க இன்று பிற்பகல் அதிகாரி வருகிறார். கல் இல்லையென்றால் ஒழுங்கை முழுவதும் நடுத்தெருவுக்கு வந்துவிடும். ஸவாஹிரோ சரக்கெடுக்கக் காலி நகருக்குப் போய் நேற்றுத்தான் திரும்பியிருந்தார்.

கல்லைப் பெயர்த்தது ராசிக்தான், துளையை அடைத்தும் விட்டார் என்று சண்முகலிங்கம் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆனால் சுவரில் ஒட்டுப்போட்ட அடையாளமே இல்லை என்றார் ஸவாஹிர். தீர்ப்பு அங்கேயே படுத்துவிட்டது.

கொட்டாஞ்சேனைக்குப் போனால், ஒழுங்கை கண்ணைக் கூச வைத்தது. எல்லாச் சுவரும் ஒரே வெள்ளை. ஸவாஹிர் பழக்கத்தில் வாசலோரக் கொளுக்கியில் குடையை மாட்டினார். குடை விழுந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி விழுந்தது. சனியன் குடை என்று திட்டிக்கொண்டு அதைக் கக்கத்தில் இடுக்கினார்.

முன்னறையில் அமர்ந்ததும், ஸவாஹிரின் மனைவி ஹபீலா உள்திரைக்குப் பின்னால் நின்றபடி தேநீர்த் தட்டை நீட்டினாள். கை மட்டும் தெரிந்தது. விரல்நுனிகள் வெடித்திருந்தன.

தம் பெயர் அடிபடுவதைக் கேட்டு ராசிக் முதலாளியும் வந்து சேர்ந்தார். எனக்கு வேண்டியது நிலம், கல்லை வைத்துக் கும்பிடவா போகிறேன் என்று கேட்டார். அவர் முகத்திலும் உண்மையான குழப்பம்தான். யாரைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் சண்முகலிங்கம் எல்லாரையும் மாறி மாறி முறைத்தார்.

பெரியதம்பி எல்லாரையும் வாசலுக்கு அழைத்தார்.

“கல்லை ஒருத்தரும் எடுக்கேல்லை. இந்தக் கொளுக்கியைப் பாருங்கோ. முந்தி குடை தாங்கினது, இப்ப நுனிதான் தெரியுது. கொளுக்கி உள்ளுக்குப் போகாது. சுவர்தான் முன்னுக்கு வந்திருக்கு. கல் அதுக்குள்ளதான் கிடக்குது.”

“ஆர் பூசினது?” என்றார் சண்முகலிங்கம்.

“நாங்கள் கேக்காத ஆளிட்டத்தான் கேக்கவேணும்.” பெரியதம்பி திரைப்பக்கம் திரும்பினார். “தங்கச்சி, உங்கட விரலைச் சுண்ணாம்பு அரிச்சிருக்கு. நீங்களோ?”

திரை அசைந்தது.

“ஓம். ஒழுங்கைப் பொம்புளைகள் எல்லாரும் சேந்துதான் செஞ்ச. தொர வாராருன்டு மட்டும் சொல்லிட்டு இவரு காலிக்குப் போன. போன தரம் வந்த சுகாதார இன்ஸ்பெக்டர், பாசியையும் ஒடஞ்ச கல்லையும் காட்டித்தான் இது மனுசர் ஈக்கிற எடமில்லன்டு எழுதின. அவருதான் திரும்ப வாராருன்டு நெனச்சி எல்லாத்தையும் மறச்ச.”

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று ஸவாஹிர் தடுமாறினார்.

“நீங்க என்னட்டக் கேக்கல்லயே. ராசிக் முதலாளிய ஏசிக்கொண்டே ஈந்தீங்க.”

ஸவாஹிருக்கு வெட்கமாகிவிட்டது. உளியை அவரே எடுத்தார். கொளுக்கியைச் சுற்றியிருந்த சாந்தும் உதிர்ந்து, பாசியோடும் ஆண்டோடும் கல் வெளிப்பட்டபோது அவர் கண் கலங்கியது.

அதிகாரி வந்தார், தடவிப் பார்த்தார், தலையசைத்தார். இனி ஒழுங்கையை இடிக்க விடப்போவதில்லை. ஆனால் இந்தச் சுவரில் எவரும் ஒரு கை சுண்ணாம்பும் பூசக்கூடாது, உள்ளது உள்ளபடியே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ராசிக் முதலாளியும் நடையைக் கட்டினார். ஸவாஹிர் குடையைக் கொளுக்கியில் மாட்டினார். விழவில்லை.

“அப்ப, அடுத்த மாசம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து இந்தப் பாசியப் பாத்தா?” என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள் ஹபீலா.

சண்முகலிங்கம் பெரியதம்பியைப் பார்த்தார். பெரியதம்பி சுவரைப் பார்த்தார்.

ஸவாஹிர் திரைப்பக்கம் போய் நின்றார்.

“என்ன செய்யலாம்? நீயே சொல்லு.”