உடையார்கட்டு வீட்டில் எடுக்காத படம்

உடையார்கட்டில் கூரையில்லாத அந்த வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். கூட வந்தவள் சாரங்கா, படத்துக்கு நிற்கப் போகிறவள். படப்பிடிப்பு மறுநாள். அன்று இடம் பார்க்க மட்டும் வந்திருந்தோம்.

ஒரே பெண், ஒரே சுவர், இரண்டு படங்கள். இதுதான் என் திட்டம். ஒன்றில் பட்டுச் சீலையும் அட்டியலும் கொண்டைமாலையும். மற்றதில் கறுப்புத் தோல் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ், மூக்கில் வளையம், கரிய உதட்டுச்சாயம். பின்னால் போரில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த சுவர்.

பக்கத்துக் காணியில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கௌசலா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அது கமலாசனி அக்கான்ரை வீடு, தம்பி. ஒரு சொல்லுக் கேட்டுட்டு உள்ளுக்குப் போங்கோ."

"ஆரிட்டைக் கேக்கிறது? அவா எங்கை இருக்கிறா?"

"சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து போனவா. திரும்பி வரேல்லை."

"அப்ப சுவரிட்டைக் கேக்கிறன்," என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உள்ளே வெயில் நேராக விழுந்தது. உடைந்த ஓடுகள், நாயுண்ணிப் பற்றை, ஆட்டுப் புழுக்கை நாற்றம்.

"அண்ணா, இதைக் கூட்டித் துப்புரவாக்கோணுமோ?" என்றாள் சாரங்கா.

"வேண்டாம். இந்த ஊத்தைதான் வடிவு. நாளைக்கு இன்னும் கொஞ்சக் குப்பை கொண்டுவந்து போடுவம்."

சத்தமாகவே சொன்னேன். மீளக்குடியேறிய வருடம் என் அம்மாவும் இப்படியொரு உடைந்த சுவரில் கூரைக்குத் தறப்பாளைக் கட்டி எங்களை வளர்த்தவர். யாராவது வந்தால் தலை குனிந்து நிற்பார். அதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

அப்போது அறைச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஈர்க்குமாற்றால் நிலம் கூட்டும் சத்தம் கேட்டது.

சரக். சரக்.

வெயிலுக்குள் தண்ணீர் தெளித்த மண்ணின் வாசம் எழுந்தது.

சாரங்கா என் கையைப் பிடித்தாள்.

"தம்பி..."

பெண்குரல். மிகத் தாழ்ந்த, கூச்சப்பட்ட குரல்.

"வீடு கிடக்கிற கிடையிலை படம் எடுக்காதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ. சீலை மாத்திக்கொண்டு வாறன்."

நான் எட்டிப் பார்த்தேன். அங்கே யாருமில்லை.

ஓடுகள் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டிருந்தன. ஈர நிலத்தில் ஈர்க்குக் கோடுகள் வாசல்வரை வரிசையாக ஓடின. ஒரு காலடிகூட இல்லை.

எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக வந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா," என்று வெறுஞ்சுவரைப் பார்த்துச் சொன்னேன். வேலியோரம் நின்ற கௌசலா அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் சாரங்கா அழுதுகொண்டு வந்தாள். அன்று மாலையே மறுநாள் படப்பிடிப்பைக் கைவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஸ்டூடியோவில் தனியாக இருந்தேன். மின்விசிறிகூடப் போடவில்லை. கதவுத் திரை விலகியது. தோய்த்துக் காயவைத்த சீலையின் வாசம் என்னைக் கடந்து போனது.

கமராவுக்கு முன்னால் கிடந்த வெறுங்கதிரையின் மெத்தை, யாரோ வந்து அமர்ந்ததுபோல் மெல்லப் பதிந்தது.

நான் தலை நிமிரவில்லை.

மெத்தை இன்னும் பதிந்தே இருக்கிறது.