புருவம் சொன்ன யெஸ், அம்மா சொன்ன நோ

மேலிக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும். அன்று சாயங்காலம் அது தக்காளிபோல் சிவந்திருந்தது. காரணம், ஏஜென்சியிலிருந்து மிஸ் பனிசா போனில் சொன்ன சேதி.

“ரெண்டு பேர் பேசிப் பார்த்தாச்சு. ரெண்டு பேருமே வேணாம்னுட்டாங்க. கேள்வி கேட்டா உங்கம்மா பொம்மை மாதிரி உக்காந்திருக்காங்களாம். இங்கிலீஷே தெரியாது போல. சனிக்கிழமை மூணாவது ஆள். அதுவும் போச்சுன்னா ஃபைலை மூடிடுவேன். சொல்லிடு.”

மேலியின் அம்மா நேலியா, பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரச் சந்தையில் ஒரு கடையில் பாச்சோய் நூடுல்ஸ் சூப் ஊற்றித் தருபவள். ஹாங்காங்கில் ஒரு வீட்டு வேலைக்குப் போக ஆறு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். பயிற்சி முடிந்தது, மருத்துவப் பரிசோதனை முடிந்தது, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. திரையில் முகம் பார்த்துப் பேசும் இன்டர்வியூ ஒன்றுதான் பாக்கி. அதில்தான் இப்படி ஆகிவிட்டது.

“உனக்கா இங்கிலீஷ் தெரியாது? எனக்குப் பாடம் சொல்லித் தர்றதே நீதானேம்மா. அங்க என்னதான் பண்ண?” என்று கேட்டாள் மேலி.

“கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்டி. அவங்கதான் திரும்பத் திரும்ப அதையே கேட்டாங்க” என்றாள் அம்மா. அவள் குரல் உடைந்திருந்தது.

மேலி அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

“நான்தான் ஹாங்காங் மேடம். இப்ப கேக்குறேன். உனக்குச் சமைக்கத் தெரியுமா?”

அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதில் சொல்லும்மா.”

“சொல்லிட்டேனே.”

“எப்போ?”

“இப்பதான்.”

வாசலில் டிரைசிக்கிள் வண்டிக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்த அப்பா தலையை உள்ளே நீட்டினார். “சொன்னாளே. நானே பார்த்தேன்.”

“பார்த்தீங்களா, கேட்டீங்களாப்பா?”

“பார்த்தேன்...” என்று இழுத்தார் அப்பா.

மேலி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் கேட்டாள். “சமைக்கத் தெரியுமா?”

அம்மாவின் இரண்டு புருவங்களும் சட்டென்று மேலே ஏறி இறங்கின.

மேலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு யார் வாயைத் திறக்கிறார்கள்? ‘சந்தைக்குப் போகுமா’ என்று ஜீப்னி வண்டிக்காரரைக் கேட்டால் புருவம் ஏறும். ‘சோறு வெந்துதா’ என்று கேட்டால் புருவம் ஏறும். மேலியின் வகுப்பு ஆசிரியர்கூட அப்படித்தான். அது எல்லோருக்கும் மூச்சு விடுவதுபோல் பழகிப்போனது. ஹாங்காங்கில் இருப்பவருக்கு அது எப்படிப் புரியும்? மிஸ் பனிசா பார்த்திருந்தால் புரிந்திருக்கும். அவரோ கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவாராம்.

மேலி ஒரு பிளாஸ்திரியைக் கொண்டுவந்து அம்மாவின் நெற்றியில் குறுக்காக ஒட்டினாள்.

“புருவம் ஏறினா இது இழுக்கும். இழுத்தா, வாயால சொல்லணும்.”

“பொண்டாட்டியை இப்படி யாரு அடிச்சதுன்னு ஊர்ல என்னைத்தான் கேப்பாங்க” என்றார் அப்பா.

மூன்றே நாளில் அம்மா தேறிவிட்டாள். “துணி துவைப்பியா?” “யெஸ், மேம்.” “பாட்டியைப் பார்த்துக்குவியா?” “யெஸ், மேம்.” எல்லாம் கணீரென்று வந்தது. மேலிக்குக் குஷி. விளையாட்டாக இன்னொன்று கேட்டாள்.

“உன் பாஸ்போர்ட்டை என்கிட்ட குடுத்துடணும். நானே பூட்டி வச்சுக்குவேன். சரியா?”

“யெஸ், மேம்” என்றாள் அம்மா.

மேலிக்குத் திக்கென்றது. “அம்மா, பாஸ்போர்ட்டை யாருக்கும் குடுக்கக் கூடாது, ஞாயிறு லீவை விடக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னாங்கன்னு நீதானே சொன்ன?”

“சொன்னாங்கதான். ஆனா முதலாளியம்மா நேர்ல கேட்டா முகத்தைப் பார்த்து எப்படிடி மாட்டேன்னு சொல்றது? மனசு சங்கடப்படுவாங்க.”

மேலியின் மூக்கு மறுபடியும் சிவந்தது. வேலை கிடைக்காமல் போனால் வருத்தம்தான். ஆனால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத அம்மாவைக் கடல் தாண்டித் தனியாக அனுப்பினால்? அதை நினைத்தபோது மேலிக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

“அப்ப நீ போக வேணாம். நோ சொல்லக் கத்துக்கிட்டாத்தான் உன்னை விடுவேன்.”

“நீ யாருடி என்னை விடறதுக்கு?”

“உன் பொண்ணு.”

அம்மா முயன்று பார்த்தாள். வந்த ‘நோ’ கொசுவுக்குக்கூடக் கேட்டிருக்காது. மேலி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள்.

“அம்மா, உன் கடையில ஒரு கிண்ணம் வாங்கினா, இன்னும் ரெண்டு தடவை சும்மா சூப் ஊத்துவீங்கள்ல? நாலாவது தடவையும் ஒருத்தர் கிண்ணத்தை நீட்டினா?”

அம்மா இடுப்பில் கை வைத்தாள். “இனிமே கிடையாதுங்க. பானையில மத்தவங்களுக்கும் மிச்சம் இருக்கணும்.”

வாசலில் அப்பா ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார்.

“அதேதான். அந்தக் குரல்ல சொல்லு” என்றாள் மேலி.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏஜென்சியில் உட்கார்ந்தார்கள். “இன்னைக்கு நானும் கூட இருக்கேன். சொதப்பிடாதீங்க” என்றார் மிஸ் பனிசா. அம்மாவின் நெற்றியில் பிளாஸ்திரி இருந்த இடம் மட்டும் சிவந்து தெரிந்தது.

திரையில் வந்த பெண்மணி மளமளவென்று கேட்டார். அம்மா மளமளவென்று பதில் சொன்னாள். மிஸ் பனிசாவுக்கே ஆச்சரியம். கடைசியில் அந்தப் பெண்மணி சொன்னார்: “எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. பாஸ்போர்ட் என்னிடம்தான் இருக்கும். சம்மதமா?”

மிஸ் பனிசா, சரி என்று சொல்லும்படி கையை ஆட்டினார். அம்மாவின் புருவம் மெல்ல ஏறத் தொடங்கியது.

“நாலாவது கிண்ணம்” என்று கிசுகிசுத்தாள் மேலி.

புருவம் அப்படியே நின்றது.

“நோ, மேம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. பாஸ்போர்ட் என்னுடையது, அது என்னிடம்தான் இருக்கும்” என்றாள் அம்மா ஆங்கிலத்தில். குரல் கடைக்குரல்.

திரை அணைந்தது.

“மூணாவதும் போச்சு. முடிஞ்சுது” என்றார் மிஸ் பனிசா.

“போகலை. நான்தான் வேணாம்னு சொன்னேன். அடுத்த ஆளைக் காட்டுங்க.”

“நேலியா, நான் ஃபைலை மூடறேன்.”

“மூடிக் குடுங்க. பக்கத்துத் தெருவுல இன்னொரு ஏஜென்சி இருக்கு, அங்க எடுத்துட்டுப் போறேன்.”

அம்மா கையை நீட்டியபடி நின்றாள். மேலி போய் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். மிஸ் பனிசா அம்மாவைப் பார்த்தார், மேலியைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். “செவ்வாய்க்கிழமை வாங்க” என்றார் முணுமுணுத்துக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை திரையில் வந்தவர் மிஸஸ் லாவ். அவர் கேட்டு முடித்ததும் அம்மா சொன்னாள்: “மேம், நான் இரண்டு கேள்வி கேட்கலாமா?”

மிஸஸ் லாவ் சிரித்தார். “என்னை யாரும் கேள்வி கேட்டதே இல்லை. கேளுங்கள்.”

பாஸ்போர்ட் அம்மாவிடமே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. “அன்றைக்கு நானே வீட்டில் இருக்க மாட்டேன்” என்றார் அவர்.

வேலை கிடைத்துவிட்டது. அம்மா அடுத்த மாதம் கிளம்ப வேண்டும், இரண்டு வருடம் வர முடியாது. அதை நினைத்தால் மேலிக்கு வருத்தம்தான். ஆனால் பயம் இல்லை.

மிஸ் பனிசா பதினோரு பக்க ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். “கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து. அஞ்சு நிமிஷத்துல நான் சாப்பிடப் போகணும்.”

அம்மா தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேலி ஏறி உட்கார்ந்தாள்.

“நாங்க படிச்சிட்டுப் போடறோம்” என்றாள் அம்மா.

மிஸ் பனிசா கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா முதல் பக்கத்தை எடுத்து, முதல் வரியின்மேல் விரலை வைத்தாள்.