முகம்மது ஹுசைனின் ஸ்டெம் செல்கள்

குடுவை காணாமல் போனது காலையில் தெரிந்தது. அதில் உறைய வைத்திருந்த ஸ்டெம் செல்லுக்காகக் காத்துக் கிடந்த கடையநல்லூர் முகம்மது ஹுசைன் மதியத்துக்குள் இறந்துபோனார்.

சங்கரன்கோவிலில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் படியில் சப்-இன்ஸ்பெக்டர் இசக்கிசெல்வி ஏறினாள். போன வருஷம் அவள் கணவன் வீரபாண்டி ஈரல் கெட்டு, இதே வைத்தியம் பார்த்து, இங்கேதான் கண்ணை மூடினான். அவன் கிடந்த கட்டிலில் இப்போது வேறு யாரோ படுத்திருந்தார்கள். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதம் அவன் பாதம் மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் டாக்டர் கோமதிசங்கரின் அறைக்குள் நுழைந்தாள்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். நோயாளியின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தே எடுத்த செல்களாம். முந்தின வாரம் மயக்க ஊசி போட்டு, தன் கையாலேயே முதுகுப் பக்கமாகத் துளைத்து எடுத்தாராம். சென்னை லேபில் பிரித்து, நைட்ரஜன் குடுவையில் வந்ததாம். குடுவை இருந்த அறையின் சாவி நர்ஸ் பேச்சித்தாயிடம் இருந்தது என்பதை இரண்டு தடவை சொன்னார்.

பேச்சித்தாய் சாவி தன்னிடம் இருந்ததை மறைக்கவில்லை. அறையைப் பெருக்கப் போவதோடு சரி, குடுவைப் பக்கம் டாக்டர் யாரையும் விட்டதில்லை என்றாள்.

சாயங்காலம் கடையநல்லூர். முகம்மது ஹுசைனின் மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியிருந்தார்கள். மகள் ரைஹானா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தன் ஈரலில் பாதியைத் தகப்பனுக்குக் கொடுக்க அவள் தயாராக இருந்தாள். பொருந்தும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். பிள்ளையை ஏன் அறுக்க வேண்டும், செல்லே ஈரலை வளர்த்துவிடும் என்று கோமதிசங்கர் சொன்னதை வாப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உடம்பு மோசமானதும், மதுரைக்கே கொண்டுபோகிறோம், செல்லைத் தாருங்கள் என்று நேற்று அவள் கேட்டிருக்கிறாள். காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாராம் டாக்டர்.

குளிப்பாட்டிய மகன் ரசூலிடம் உடம்பில் என்ன பார்த்தாய் என்று இசக்கிசெல்வி கேட்டாள்.

"ஊசி குத்துன இடமெல்லாம் கன்னிப்போயி கிடந்திச்சு மேடம். கையைப் பாக்க முடியல. முதுகும் இடுப்பும் மட்டுந்தான் சுத்தமா இருந்திச்சு."

வீரபாண்டிக்கும் அப்படித்தான். ஈரல் போனால் ரத்தம் உறையாது, கொசு கடித்தால்கூடக் கறுக்கும். அவனுக்கும் மஜ்ஜை எடுத்ததாகத்தான் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க ஈரத்துண்டால் அவன் முதுகைத் துடைத்தது அவள்தான். எங்கேயும் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. அந்த முதுகு இப்போது அவள் கண்முன்னே நின்றது, போகவே இல்லை.

பிரேதப் பரிசோதனை முடியும்வரை அடக்கத்தை நிறுத்தி வைக்கக் கேட்டாள். அந்த வீட்டில் அதைக் கேட்பது லேசாக இல்லை. ரைஹானாதான் முதலில் தலையசைத்தாள்.

மறுநாள் குடுவை டாக்டரின் கார் டிக்கியிலேயே கிடைத்தது. காலியாக இருந்தது.

"பேச்சித்தாய் திருடல. திருட உள்ள ஒண்ணுமே கிடையாது," என்றாள் இசக்கிசெல்வி டாக்டரிடம். "எலும்பைத் துளைச்சதா சொன்னிய. அந்த உடம்புல அது கறுக்காம இருக்குமா? இடுப்பெலும்புல ஊசியே இறங்கலைன்னு ரிப்போர்ட் வந்தாச்சு. மயக்க ஊசி போட்டது தூங்க வைக்கத்தான். செல்லை மதுரைக்குக் குடுத்தா குட்டு உடைஞ்சிரும்னு குடுவையை நீங்களே தூக்கிட்டிய."

அந்த நோயாளிகள் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார்கள், சாகும்வரை நம்பிக்கையாவது கொடுத்தேன் என்றார் டாக்டர்.

"ஒருத்தருக்கு மக ஈரலைக் குடுக்கேன்னு வாசல்லயே நின்னாளே," என்றாள் அவள். வீரபாண்டியின் பெயரை அவள் எடுக்கவில்லை.

கைது முடிந்ததும் கடையநல்லூர் போனாள். ரைஹானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் அன்னைக்கே குடுத்திருந்தா வாப்பா இருந்திருப்பாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை இன்றைக்காவது தூங்கும். ஆனால் பொய்யான ஆறுதல் என்ன செய்யும் என்று இசக்கிசெல்விக்குத் தெரியும்.

"இருந்திருக்கலாம், மக்கா. நீ குடுக்காம இருக்கல. உன்னைக் குடுக்கவிடல."

ரைஹானா வலது விலாவில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே எல்லாம் முழுசாக இருந்தது.