பொத்தானின் நாலே முக்கால் மணி வேலை

எங்கள் பூனைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்று அம்மா அடித்துச் சொல்வாள். அம்மா வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவள்.

"நாலே முக்கால் ஆச்சுன்னா போதும், எங்க தூங்கிட்டிருந்தாலும் எழுந்து பால்கனிக்குப் போயிடுது."

"அங்க போய் என்னம்மா பண்ணுது?"

"தொம் தொம்னு குதிக்கிற சத்தம் கேக்கும். யாரு கண்டா? நான் அப்ப மீட்டிங்ல இருப்பேன்."

பூனையின் பெயர் பொத்தான். வெள்ளை மூக்கின் மேல் வட்டமாக ஒரு கறுப்புப் புள்ளி. யாரோ தைத்து வைத்த மாதிரி இருக்கும்.

நான் பள்ளியிலிருந்து வர ஐந்தரை ஆகிவிடும். அப்போது பொத்தான் களைத்துப்போய் மல்லாந்து கிடக்கும். பால்கனிச் சுவரில் புதுக் கீறல்கள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். பொத்தான் சுவரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்றுமே நடக்காது.

"அது பேயைப் பாக்குது" என்றான் அண்ணன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் பேய்க்கு லீவா?"

"ஏய் கேள்விப்பெட்டி, போய்ப் படி!" வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

என்றைக்காவது கண்டுபிடித்துவிடலாம் என்று இருந்தேன். பொத்தான் அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை அது சாப்பிடவில்லை. வியாழக்கிழமை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பா அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நானும் ஓடினேன். டாக்டர் ஊசி போட்டார், மருந்து ஏற்றினார். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்றார்.

"முந்தாநாள் என் ரொட்டியில கொஞ்சம் குடுத்தேன். அதனாலயா டாக்டர்?"

"இல்லம்மா. இது உள்ளுக்குள்ள ரொம்ப நாளா இருந்திருக்கு. பூனைங்க வலிச்சாலும் வெளிய காட்டிக்காது. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

வெள்ளிக்கிழமை காலையில் என் மடியிலேயே பொத்தானுக்கு மூச்சு நின்றுவிட்டது.

அண்ணன் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அம்மாவும் அப்பாவும் "போயிடுச்சு, போயிடுச்சு" என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். என்னால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தாலே அழுகை வந்தது.

அடுத்த வாரம் எனக்கும் அண்ணனுக்கும் தேர்வு. மதியமே பள்ளி விட்டுவிட்டார்கள். புதன்கிழமை நாலரை மணிக்கு நான் பால்கனிக்குப் போனேன். பொத்தான் அங்கே அப்படி என்னதான் செய்தது? அது தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது உட்காரும் அதே இடத்தில், அதே மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

நாலு நாற்பது. ஒன்றுமில்லை.

நாலே முக்கால். பளிச்!

சுவரில் வட்டமாக ஒரு வெளிச்சம்! கீறல்கள் இருந்த இடத்தில் வந்து நின்றது. மேலே ஏறியது, கீழே இறங்கியது, மூலைமுடுக்கெல்லாம் போனது. மறுபடியும் கீறல்களுக்கே வந்து மெல்ல ஆடியது. யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது. யாரை என்று எனக்குத் தெரியும்.

சட்டென்று எழுந்து தெருவைப் பார்த்தேன். எதிரே சலூன். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலிருந்த சந்து வழியாக வெயில் நேராக அந்தக் கடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. சலூன்காரர் கையில் ஒரு கண்ணாடி! முடி வெட்டியதும் பின்தலையைக் காட்டுவதற்குப் பிடிப்பாரே, அந்தக் கைக்கண்ணாடி.

தடதடவென்று படியிறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்தேன்.

"போதும்ப்பா, என் பின்தலையை நான் நல்லாவே பாத்துட்டேன்" என்று நாற்காலியில் இருந்தவர் அலுத்துக்கொண்டிருந்தார்.

"சலூன் மாமா, எங்க வீட்டுச் சுவத்துல வெளிச்சம் அடிக்கிறது நீங்களா?"

மாமா திருதிருவென்று விழித்தார். "அடடா, மாட்டிக்கிட்டேனா! முதல்ல தெரியாமத்தான் பட்டுச்சு பாப்பா. பூனை ஒரே தாவு தாவுச்சு பாரு! அன்னிலேர்ந்து தினமும் விளையாட்டுதான். இந்தப் பக்கம் வெயில் கால் மணி நேரந்தான் வரும். பூனைக்கு நான் மேனேஜர்னு பேரு வெச்சிருக்கேன். மேலேருந்து கடையையே மேற்பார்வை பாக்குமே! ஆமா, ஒரு வாரமா ஆளையே காணோமே, ஊருக்குப் போயிருக்கா?"

'ஆமாம்' என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. அப்படிச் சொன்னால் நாளைக்கும் அந்த வெளிச்சம் வந்து சுவரெல்லாம் தேடும். நாளை மறுநாளும் தேடும். பாவம்.

"செத்துப்போச்சு மாமா" என்றேன். "வெள்ளிக்கிழமை. டாக்டர் எவ்வளவோ பாத்தாரு." சொல்லி முடிப்பதற்குள் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.

மாமா கண்ணாடியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் கண்களும் கலங்கிவிட்டன.

"தெரியாம நான் தினமும் வா வான்னு கூப்பிட்டுட்டே இருந்திருக்கேனே" என்றார்.

நாற்காலிக்காரர் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து, எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "அது என்னவெல்லாம் பண்ணும் மாமா? நான் பாத்ததே இல்ல."

"அதை ஏன் கேக்கற! ரெண்டு கால்ல எழுந்து நிக்கும். தொம்னு தாவி வெளிச்சத்தை அமுக்கும். பிடிச்சாச்சுன்னு நெனச்சுக் காலைத் தூக்கிப் பாக்கும். அடியில ஒண்ணும் இருக்காது. உடனே, யாராவது பாத்துட்டாங்களான்னு நாலாபக்கமும் பாக்கும்!"

அழுகைக்கு நடுவிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் வராது?"

"அன்னிக்குக் கடை லீவாச்சே! மத்த சலூனுக்கெல்லாம் செவ்வாய், எனக்கு ஞாயிறு."

பேய்க்கு லீவு என்று நான் சொன்னது சரிதான்!

"வெயில் இன்னும் இருக்கு. நீ ஒரு தடவை அடிக்கிறியா?" என்று மாமா கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்.

கையை அப்படி இப்படித் திருப்பி, வெளிச்சத்தைக் கீறல்கள் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் பால்கனிக்கு வந்தான். வெளிச்சத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். மெதுவாகக் கையை நீட்டினான். நான் வெளிச்சத்தைத் தள்ளினேன். அவன் எட்டினான். இன்னும் மேலே ஏற்றினேன். தொம்! ஒரே தாவாகத் தாவி, உள்ளங்கையால் அதை அமுக்கிவிட்டான்.

பிறகு மெல்லக் கையைத் தூக்கி அடியில் பார்த்தான். யாராவது பார்த்துவிட்டார்களா என்று நாலாபக்கமும் பார்த்தான்.

"அட, மேனேஜரேதான்!" என்றார் மாமா.